நெட்டிக்குடி ஏழாம் கிணறு

மே 14, செவ்வாய்

காலை 152/94.

டாக்டரம்மா சொன்னபடி இன்று முதல் எழுதுகிறேன். தினமும் பிரஷர் பார்த்து எண்ணைக் குறிக்க வேண்டும். அன்றைக்கு என்ன செய்தேன் என்றும் சேர்த்து எழுத வேண்டும். "எது ஏத்துது, எது எறக்குதுன்னு எனக்குத் தெரியணும் தியாகேசன் சார்" என்றார். உப்பைத் தவிர வேறு எது ஏற்றப்போகிறது? ஆனாலும் ஐம்பத்தெட்டு வயதில் டாக்டர் பேச்சை மீற முடியாது. அவர் படிப்பார் என்பதால் புரியும்படி எழுதுகிறேன்.

நான் எரிவாயுக் கிணறு தோண்டுபவன் அல்ல. தோண்டியவர்கள் போன பிறகு வருபவன். உள்ளே குழாய் இறக்கி, சோதித்து, வாயு எடுக்கத் தயார் என்று முடித்துக் கொடுப்பேன். வருஷங்கள் கழித்துப் பழுதானால் திரும்ப வந்து சரிசெய்வேன். முப்பத்திரண்டு வருஷமாக இதுதான் பிழைப்பு.

ஒரு கிணற்றில் பெரிய இரும்புக் குழாய் ஒன்று இரண்டு கிலோமீட்டர் ஆழம் இறங்கியிருக்கும். அதற்குப் பெயர் கேசிங். அதற்குள்ளே சின்னக் குழாய், டியூபிங். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அடியில் அடைக்கும் வளையம், பேக்கர். வாயு சின்னதன் வழியாகத்தான் மேலே வர வேண்டும். சின்னது கசிந்தால் பெரியது தடுக்கும். இரண்டும் கசிந்தால் வாயு மண்ணுக்குள் போகும்.

நெட்டிக்குடியில் அதுதான் நடந்திருக்கிறது. எங்கள் ஏழாம் கிணற்றிலிருந்து நூற்றைம்பது அடியில் ஒரு விவசாயக் குடும்பத்தின் போர்வெல் இருக்கிறது. மாசி மாதத்திலிருந்து அந்தத் தண்ணீர் சோடா போலப் பொங்கியிருக்கிறது. பங்குனியில் ஒரு காலை ராஜாக்கண்ணு என்ற அந்த விவசாயி மோட்டார் கொட்டகைக்குள் பீடி பற்றவைத்தார். கொட்டகையே பற்றிக்கொண்டது. வலது கையும் கழுத்தும் வெந்துவிட்டன.

கிணற்றை மூடிவைத்திருக்கிறார்கள். சரிசெய்யும் வேலைக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள். கம்பெனி சின்னது. இந்தப் பக்கம் மொத்தம் பதினோரு கிணறுதான், அதனால் ஆள் தேர்வு ஒன்றும் பெரிதில்லை. ஆறு வருஷத்துக்கு முன் இதை முடித்துக் கொடுத்த குழுவிலும் நான் இருந்தேன்.

மே 15, புதன்

158/96. பஸ்ஸில் வந்த அலுப்பு.

குழாய்களை ஏற்றி இறக்கும் கோபுர இயந்திரமான ரிக்கைக் கிணற்றின்மேல் நிறுத்திவிட்டோம். மெயின் ரோட்டிலிருந்து கிணற்றுக்கு வர ராஜாக்கண்ணுவின் வயல் வழியாகத்தான் பாதை. ஜல்லி கொட்டி லாரி போகிற மாதிரி செய்திருக்கிறார்கள். சம்மதம் கொடுத்தது அவர் மனைவி வேம்பு. நாற்பத்தைந்து வயதிருக்கும். சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு வரப்பில் நின்று லாரிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஜூன் அஞ்சு. அதுக்கு மேல ஒரு நா கெடையாது சார். மேலண்டைக்காரவுங்க போர்ல எரவல் தண்ணி வாங்கி நாத்து விட்டுருக்கேன். நாத்து முத்திப்போச்சுன்னா நட்டும் பிரயோசனமில்ல."

"அதுக்கு முன்னாடியே முடிச்சிடுவோம்மா."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "நீங்க அப்பவும் வந்தவுகதானே? எங்க போர்ல தண்ணி குடிச்சுட்டு, இளநி மாதிரி இருக்குன்னு சொன்னிய."

நிறைய இடத்துக்குப் போகிறேன், நினைவில்லை என்றேன்.

மே 16, வியாழன்

150/92.

கிணற்றை அடக்கினோம். கனமான உப்புக் கரைசலை உள்ளே செலுத்தினால் அதன் எடை வாயுவைக் கீழேயே அமுக்கிவிடும். மதியம் மூன்றரைக்கு அழுத்தம் காட்டும் கேஜ் முள் பூஜ்யத்தில் உட்கார்ந்தது. காம்ப் சமையல்காரர் ரசத்தில் உப்பைக் குறைக்க ஒப்புக்கொண்டார். இரண்டு சட்டை துவைத்தேன்.

மே 19, ஞாயிறு

ரீடிங் எடுக்கவில்லை. மாத்திரையும் மறந்தேன். டியூபிங் முழுவதும் வெளியே வந்துவிட்டது. இருநூற்றுப் பன்னிரண்டு குழாய். அதில் மூன்றில் மரை அரித்துப்போயிருக்கிறது. சின்னக் குழாயின் கசிவு இதுதான். பெரிய குழாயின் கசிவை இனிமேல்தான் தேட வேண்டும்.

மே 21, செவ்வாய்

156/98.

கேசிங்கைப் பகுதி பகுதியாக அடைத்து, அழுத்தம் கொடுத்து, எங்கே இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தோம். நானூற்றுப் பன்னிரண்டு மீட்டரில் கிடைத்தது. கேசிங்கின் இரண்டு துண்டு சேரும் இணைப்பு. நான் நினைத்த மாதிரிதான்.

சிமெண்ட் வேலைக்கு வந்திருக்கும் பொறியாளர் நஸ்ரின். நாகூர்ப் பெண், இருபத்தேழு வயது. கசிவு உள்ள இடத்தில் சிமெண்ட் குழம்பை அழுத்தி ஓட்டைக்குள் ஏற்றி இறுகவிட வேண்டும். எவ்வளவு, எந்த மாதிரிக் குழம்பு என்று முடிவுசெய்வது அவள் வேலை. வந்ததும் முதல் கேள்வி: "சார், கிணறு முடிச்சப்ப எடுத்த கேசிங் டெஸ்ட் சார்ட் இருக்கா?"

சென்னை ஆபீஸில் இருக்கும், தேடி எடுக்க நாளாகும், அது இல்லாமலே செய்யலாம் என்றேன்.

மே 22, புதன்

172/104. நேற்று கருவாடு சாப்பிட்டேன்.

நஸ்ரின் சென்னைக்குப் போன் செய்து அந்தச் சார்ட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி வாங்கிவிட்டாள். வட்டக் காகிதத்தில் பேனா கோடு போட்டுக்கொண்டே போகும் பழைய ரெக்கார்டர். இரண்டாயிரம் பவுண்டு அழுத்தம் அரை மணி நேரம் இறங்காமல் நின்றால் கேசிங் நல்லது என்று அர்த்தம்.

போனை என் முன் நீட்டினாள். "பாருங்க சார். ஸ்கேல் வச்சுப் போட்ட மாதிரி இருக்கு. சாயங்காலம் நாலு மணி, சித்திரை வெயிலு. உள்ள இருக்குற தண்ணி சூட்டுக்குக் கொஞ்சமாவது ஏறணும். இல்ல எறங்கணும். இவ்வளவு நேரா எப்படி நிக்கும்?"

"பழைய மெஷின்மா. பேனா சிக்கியிருக்கும்."

"கையெழுத்து யாரோடது சார்? தெரியல."

தெளிவாக இல்லை என்றேன்.

சிறிது நேரம் யோசித்துவிட்டு அவளே முடிவுக்கு வந்தாள். "சரி, அப்ப கேசிங் நல்லாத்தான் இருந்திருக்கு. அப்படின்னா இது சமீபத்துல வந்த கசிவு. மயிரிழை அளவுதான் இருக்கும். நுண் சிமெண்ட் கொஞ்சம் போதும்."

தலையாட்டினேன்.

மே 24, வெள்ளி

166/100.

முதல் சிமெண்ட். காலை ஏழுக்கு ஆரம்பித்துப் பத்தரைக்கு முடிந்தது. நஸ்ரின் ஒழுங்காகச் செய்தாள். பம்ப் சத்தத்துக்கு மேலே அவள் கத்துவது வரப்புவரை கேட்டிருக்கும். இனி இறுகக் காத்திருக்க வேண்டும். என் மனைவி பங்கஜவல்லி போன் செய்தாள். வீட்டுத் தண்ணீர்க் குழாயில் சொட்டுகிறதாம். "ஊர் கொழாயெல்லாம் அடைக்கிறீங்க" என்று சிரித்தாள்.

மே 26, ஞாயிறு

174/106.

குழாய்க்குள் நின்ற சிமெண்ட்டைக் குடைந்து எடுத்துவிட்டு அழுத்தம் கொடுத்தோம். இரண்டாயிரம். அரை மணி நேரத்தில் ஆயிரத்து எண்ணூற்று எண்பது. தோல்வி.

மேனேஜர் இக்னேஷியஸ் சென்னையோடு பேசிவிட்டு என்னைக் கூப்பிட்டார். தூத்துக்குடிக்காரர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். எப்போதும் மரியாதையாகத்தான் பேசுவார்.

"அண்ணாச்சி, நூத்தி இருவது பவுண்டுதான். மேல லைன்ல எங்கயோ கசியுதுன்னு எழுதிக்கிடலாம்ங்கான். புது டியூபிங்கு, புது பேக்கர் போடுதோம். வாயு வெளிய வரவே வராதே. பெரிய கொழா சொத்தையா இருந்தா என்ன? அடுத்த ஊர்ல ரிக்குக்குக் காத்துக்கிட்டு இருக்காக."

"சின்னக் குழாய் இன்னும் அஞ்சு வருஷத்துல மறுபடி அரிக்கும் சார். அப்ப தடுக்கப் பெருசு வேணும்."

"இன்னொரு தடவை சிமெண்ட் போட்டா எத்தன நாளு?"

"எட்டு, ஒன்பது."

"சென்னையில கேப்பான்லா. ஆறு வருசம் முன்னால கேசிங் ஜோரா நின்னுருக்குன்னு சார்ட்டு இருக்கு. சமீபத்துச் சின்னக் கசிவுக்கு ரெண்டாவது தடவை எதுக்குன்னு கேட்டா நா என்ன சொல்ல?"

நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். மதியச் சாப்பாட்டுத் தட்டை அப்படியே திருப்பிக் கொடுத்தேன். வெயிலில் பசிக்கவில்லை.

மே 27, திங்கள்

170/104.

வேம்பு வீட்டுக்குப் போனேன். ஜூன் ஐந்துக்கு மேல் நாள் தேவைப்படலாம் என்று சொல்லத்தான் போனேன். ராஜாக்கண்ணு வாசலில் மண்வெட்டிக் காம்பைப் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தார். விரல்கள் மடங்கவில்லை. டாக்டர் சொன்ன பயிற்சியாம். மோட்டாரைக் கழற்றிவிட்டதால் வேம்பு குடிதண்ணீருக்கு அரை மைல் போய்வருகிறார்.

"நா அன்னக்கே சொன்னேன்ல" என்றார் வேம்பு. "ஒரு நா கெடையாது."

"சரியா அடையலம்மா."

"அதான் எனக்கு வெளங்கல. போன தடவ சரியாத்தானே முடிச்சு, சர்ட்டிபிகேட்டு குடுத்துட்டுப் போனிய? பொறவு எப்புடிச் சார் ஓட்ட விழுந்துச்சு?"

பதில் வாய்வரை வந்தது. இரும்பு என்றால் துருப்பிடிக்கத்தானே செய்யும் என்றேன்.

மே 28, செவ்வாய்

182/110. இன்று ஒன்றும் சாப்பிடவில்லை, உப்பும் இல்லை.

மே 29, புதன்

ரீடிங் எடுக்கவில்லை. எடுத்து என்ன ஆகப்போகிறது. எது ஏற்றுகிறது என்று எனக்குத் தெரியும் டாக்டரம்மா. முதல் நாளே தெரியும்.

அந்தச் சார்ட்டில் இருப்பது என் கையெழுத்து.

ஆறு வருஷத்துக்கு முன் சித்திரை மாதம் சாயங்காலம் நாலு மணி. கேசிங்குக்கு இரண்டாயிரம் பவுண்டு அழுத்தம் கொடுத்தோம். பத்து நிமிஷத்தில் அறுபது இறங்கியது. மேலே லைனெல்லாம் முறுக்கிப் பார்த்தேன். மறுபடி கொடுத்தோம், மறுபடி இறங்கியது. ரிக்கை ஏற்றிப்போக லாரிகள் எஞ்சினை அணைக்காமல் நின்றன. மறுநாள் திறப்பு விழா. பந்தல்கூடப் போட்டாகிவிட்டது. அப்போதைய மேனேஜர் மூன்று முறை போன் செய்தார். முடிந்ததா என்று மட்டும்தான் கேட்டார். வேறு எதுவும் சொல்லவில்லை. யாரும் என்னை எதுவும் செய்யச் சொல்லவில்லை.

கிணற்றுக்கும் ரெக்கார்டருக்கும் நடுவில் கட்டைவிரல் அளவில் ஒரு வால்வு உண்டு. மூன்றாவது முறை அழுத்தம் ஏறியதும் அதை மூடினேன். கிணற்றில் இறங்குவது ரெக்கார்டருக்குத் தெரியாது. பேனா நேராகப் போனது. அரை மணி நேரம் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அரை மணியில் எந்த நிமிஷமும் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. பிறகு கையெழுத்துப் போட்டேன். போர்த் தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு இளநீர் மாதிரி இருக்கிறது என்று சொன்னது அதற்கப்புறம்தான்.

இன்று காலை நஸ்ரினிடம் சொன்னேன். சிமெண்ட் கலவைக் கூடாரத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. பேப்பரையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அன்னிக்கே ஓட்டை இருந்துச்சா?"

"இருந்தது."

"அப்ப ஆறு வருஷமா வாயு அது வழியாப் போய்க் கொழாய்க்கு வெளிய மண்ணை அரிச்சிருக்கும். பெரிய பொந்து இருக்கும். நான் மயிரிழைக்குப் போடுற குழம்பைப் போட்டேன். அது பொந்துக்குள்ள விழுந்து காணாமப் போயிருக்கு." இப்போதுதான் நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது, கோபத்தில். "போன வாரம் போனைக் காட்டினேனே சார். அப்பவே சொல்லிருந்தா நான் வேற மாதிரி கலந்திருப்பேன். ரெண்டு நாளா எங்க தப்புப் பண்ணினேன்னு தூங்காம உக்காந்திருக்கேன்."

ஆறு வருஷத்துக்கு முன் செய்தது ஒன்று. போன புதன்கிழமை செய்தது இன்னொன்று. இரண்டாவதுக்கு லாரியும் இல்லை, பந்தலும் இல்லை.

மதியம் இக்னேஷியஸிடம் கடிதத்தைக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார்.

"ரிட்டையராக ஒண்ணரை வருசம் இருக்கு. எதுக்கு அண்ணாச்சி இப்போ?"

"இந்தக் கடிதத்தைக் காட்டினாத்தான் சென்னையில ரெண்டாவது சிமெண்ட்டுக்கு ஒத்துக்குவாங்க. கசிவு சின்னது இல்லன்னு இதுல இருக்கு."

அவர் கடிதத்தை மடித்து மேசைமேல் வைத்தார். பிறகு தாழ்ந்த குரலில், "அன்னைக்கு இருந்த மேனேஜர் பேரையும் சேத்து எழுதுங்க. அவர் சொல்லித்தான் செஞ்சேம்னு. உங்களுக்கு லேசாகும்" என்றார்.

"அவர் சொல்லலை சார்."

"அனுப்பினா உங்கள இங்கேருந்து எடுத்துருவாக. மாத்தாள் வர நாலஞ்சு நாள் ஆகும். அதுக்குள்ள எவ்வளவு முடியுமோ பாத்துக்கிடுங்க."

நாலு மணிக்குக் கடிதம் போய்விட்டது. ஆறு மணிக்கு இரண்டாவது சிமெண்ட்டுக்கு அனுமதி வந்தது.

பங்கஜவல்லிக்குப் போன் செய்தேன். முழுக்கக் கேட்டாள். "மன்னார்குடி பஸ்ல போறப்பல்லாம் அந்த ஊர் வந்தா நீங்க ஜன்னல் பக்கம் பார்க்க மாட்டீங்க. என்னமோ இருக்குன்னு தெரியும். இதுன்னு தெரியாது" என்றாள். பிறகு, "அந்தக் குடும்பத்துக்கிட்டச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.

"அப்ப இன்னும் யார்கிட்டயும் சொல்லல" என்று போனை வைத்துவிட்டாள்.

மே 30, வியாழன்

168/102.

வேம்பும் ராஜாக்கண்ணுவும் நாற்றங்காலில் இருந்தார்கள். அவர் இடது கையால் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். வரப்பில் நின்றபடியே சொன்னேன். வால்வைப் பற்றி, பேனாவைப் பற்றி, எல்லாம். நடுவில் நிறுத்தினால் மறுபடி பேச்சு வராது என்று பயந்து நிறுத்தாமல் சொன்னேன்.

வேம்பு கையிலிருந்த சேற்றை வரப்பில் துடைத்தார்.

"அன்னக்கே தெரியும் ஒங்களுக்கு."

"தெரியும்."

"தெரிஞ்சுகிட்டு எங்க தண்ணியக் குடிச்சிய."

"ஆமா."

"இப்ப எதுக்கு வந்து சொல்றிய? போனா போவுதுன்னு நா சொல்லணுமா? வருசையா நாலு பேரு வந்து கெழங்கு மாதிரி வெந்த கையப் பாத்து உச்சுக் கொட்டிட்டுப் போனாங்க. நீங்க அஞ்சாவது ஆளா?"

"அதுக்கு வரலம்மா. ஜூன் அஞ்சு போதாது. ஒன்பது வரைக்கும் வேணும். ஏன் வேணும்னு பொய் சொல்லிக் கேக்கக் கூடாதுன்னுதான் சொன்னேன்."

ராஜாக்கண்ணு பிடுங்கிய களையை வரப்பில் போட்டார். குந்தியபடியே கேட்டார். "இந்தத் தடவ அடையுமா?"

"அடையலன்னா அடையலன்னு எழுதுவேன்."

"அடையுமான்னு கேட்டேன்."

"அடையும். அந்தப் பொண்ணு சரியாக் கணக்குப் போட்டிருக்கு."

வேம்பு நாற்றைக் கையால் தடவிப் பார்த்தார். பதினெட்டு நாள் நாற்று. வாயை அசைத்து எதையோ கணக்குப் போட்டார்.

"ஒம்பதாந் தேதி பொழுதோட வண்டியெல்லாம் வெளிய போயிடணும். இது ஒங்களுக்காவ இல்ல, தண்ணிக்காவ. இன்னொண்ணு. அந்தப் பேனா கோடு போடுறப்ப நா பக்கத்துல நிக்கணும். வால்வு எது, எப்புடித் தொறந்துருக்குன்னு எனக்குக் காட்டணும். என் கண்ணால பாக்கணும்."

காட்டுகிறேன் என்றேன்.

ஜூன் 1, சனி

156/96. சிமெண்ட் லாரி சென்னையிலிருந்து வந்து சேர்ந்தது. நஸ்ரின் என்னோடு வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசுகிறாள். அது போதும்.

ஜூன் 2, ஞாயிறு

154/94.

இரண்டாவது சிமெண்ட். முதலில் கெட்டியான சாதாரணக் குழம்பை மெதுவாக அனுப்பிப் பொந்தை நிரப்ப வேண்டும். அதன் பின்னாலேயே நுண் சிமெண்ட், விரிசல்களை அடைக்க. அவசரப்பட்டால் எல்லாம் பொந்தின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். கொஞ்சம் செலுத்தி, நிறுத்தி, பத்து நிமிஷம் காத்திருந்து, மறுபடி கொஞ்சம். காலை ஆறுக்கு ஆரம்பித்தது. ஒன்பது மணிவரை அழுத்தம் ஏறவே இல்லை. ஊற்றுவதெல்லாம் எங்கோ போய்க்கொண்டிருந்தது. பம்ப்காரர் வேகத்தைக் கூட்டட்டுமா என்று கேட்டார். நஸ்ரின் என்னைப் பார்த்தாள்.

"உன் கணக்கு என்ன சொல்லுது?" என்றேன்.

"இன்னும் எட்டு மூட்டை."

"அப்ப எட்டு மூட்டை. இதே வேகம்."

ஆறாவது மூட்டையில் முள் அசைந்தது. நூறு. நின்று, இருநூற்றைம்பது. பதினொன்றே முக்காலுக்கு இரண்டாயிரத்து நூறில் நின்றது. நிறுத்திய பிறகும் இறங்கவில்லை. நஸ்ரின் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் அவளுக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள்.

இது சோதனை அல்ல. இறுகின பிறகு குடைந்து பார்த்தால்தான் நிஜம்.

ஜூன் 4, செவ்வாய்

மாற்றாள் வந்துவிட்டார். எனக்கு வந்த உத்தரவு: விசாரணை முடியும்வரை வேலையிலிருந்து விலக்கம். எந்தக் கிணற்று வளாகத்துக்குள்ளும் போகக் கூடாது. ஹெல்மெட்டையும் அடையாள அட்டையையும் இக்னேஷியஸிடம் கொடுத்தேன். வாசல்வரை வந்தார். என் பையைத் தூக்கி ஆட்டோவில் வைத்தார்.

போகும்முன் வால்வு எதுவென்று வேம்புவுக்குக் காட்டிவிட்டேன். கைப்பிடி குழாயின் போக்கில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. "குறுக்க இருந்தா மூடிருக்கு" என்று அவர் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

ஜூன் 5, புதன்

காலையில் ரீடிங் எடுக்க மறந்து முதல் பஸ்ஸைப் பிடித்தேன். வளாகத்துக்குள் போகக் கூடாது என்றுதான் உத்தரவு. ரோடு எல்லோருக்கும் பொது.

வயலுக்கு எதிரே, ரோட்டோரப் பூவரசு நிழலில் நின்றேன். பத்து மணிக்கு நஸ்ரின் வந்து வேம்புவை உள்ளே கூட்டிப்போனாள். ஹெல்மெட் வேம்புவின் கொண்டைமேல் உட்காரவில்லை. முடியை அவிழ்த்துக் கீழே முடிந்துகொண்டார். பிறகு ஆட்கள் மறைத்துவிட்டார்கள். பம்ப் சத்தம் மட்டும் வந்தது. அதுவும் நின்றது.

முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு சோதனையை நான் வெளியே நின்று கேட்டதில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டேன். ஒரு மாடு வந்து என் பையை முகர்ந்துவிட்டுப் போனது.

வேம்பு தனியாகத்தான் வெளியே வந்தார். ரோட்டைக் கடந்து என்னிடம் வந்தார்.

"எறங்கல" என்றார். "அரை மணி போதாதுன்னு நா சொன்னேன். அந்தப் பொண்ணு சரின்னு ஒரு மணி நேரம் வச்சுது. வால்வு மேலயே ஒரு கையி வச்சுகிட்டு நின்னேன். புதுசா வந்தவரு கைய எடும்மான்னாரு. எடுக்கல. கடைசில கோடு ஒரு நூலு மேலதான் ஏறுச்சு."

"ஏறினா நல்லது. வெயிலுக்கு."

"அதத்தான் அந்தப் பொண்ணும் சொல்லுச்சு. சார்ட்டுல நானும் கையெழுத்துப் போட்டேன். இடமில்ல, ஓரத்துல போட்டேன்."

அவர் வந்த வழியே திரும்பிப் போனார். பஸ் வரும்வரை நின்றேன். கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது, பூவரசு மகரந்தம் என்று எழுதலாம். அழுதேன்.

ஜூன் 9, ஞாயிறு

146/90.

நஸ்ரின் போன் செய்தாள். புது டியூபிங், பேக்கர் எல்லாம் இறக்கியாகிவிட்டது. ரிக் மூன்று மணிக்கே வெளியே போய்விட்டது. போர்த் தண்ணீர் முழுக்கத் தெளிய ஆறு மாதமாவது ஆகுமாம். மண்ணில் ஏற்கெனவே ஏறிய வாயு வெளியேற வேண்டும். அதுவரை வாராவாரம் தண்ணீரைச் சோதிக்க அவள் எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

"வயல் பாதையில கொட்டின ஜல்லிய அள்ள வர்றேன்னவங்க வரல சார்" என்றாள். "மூணு நாள் கழிச்சு வருவாங்களாம். அந்தக்காவோட நாத்து அதுவரைக்கும் தாங்குமான்னு தெரியல."

விசாரணை பதினெட்டாம் தேதி.

ஜூன் 10, திங்கள்

காலை ஏழுக்கே நெட்டிக்குடி. ஒரு கடப்பாரை, இரண்டு இரும்புச்சட்டி. பங்கஜவல்லியும் வந்தாள். வாவென்று நான் கூப்பிடவில்லை. பழைய சேலையைக் கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டில் நின்றாள்.

நாங்கள் வயலில் இறங்கியபோது வேம்பும் ராஜாக்கண்ணுவும் இன்னும் இரண்டு பெண்களும் அள்ளிக்கொண்டிருந்தார்கள். யாரும் எங்களை வாருங்கள் என்று சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை. நான் இறுகிய ஜல்லியைக் கடப்பாரையால் பெயர்த்தேன். ராஜாக்கண்ணு இடது கையால் சட்டியில் தள்ளினார். பங்கஜவல்லிக்குச் சும்மாடு சுற்றத் தெரியாமல் சட்டி சரிந்தது. வேம்பு பார்த்துவிட்டு, தன் தலையிலிருந்ததை எடுத்து அவள் தலையில் வைத்து அழுத்தினார்.

பத்து மணிக்குள் உள்ளங்கை இரண்டும் கொப்பளித்துவிட்டன.

ஜூன் 11, செவ்வாய்

148/88. டாக்டரம்மாவுக்கு: சாப்பாட்டில் உப்பு வழக்கம்போலத்தான்.

இன்றும் போனோம். சாயங்காலம் நாலரைக்குக் கடைசி வரிசையும் அள்ளியாகிவிட்டது என்று நினைத்தேன். நாளை காலை டிராக்டர் இறங்குகிறது, மறுநாள் நடவு. இடுப்பு நிமிரவில்லை. கடப்பாரையைத் துடைத்துச் சாக்கில் சுற்றினேன். ராஜாக்கண்ணு கரையில் உட்கார்ந்து இடது கையால் தேநீர் ஊற்றி பங்கஜவல்லிக்குக் கொடுத்தார். எனக்கும் ஒரு டம்ளர் நகர்த்தி வைத்தார்.

வேம்பு வயலுக்குள் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தார். ஒவ்வோர் அடியாக, காலால் தடவித் தடவி. கோடிவரை போய் நின்றவர் அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"சார், வாய்க்கா மூலையில இன்னும் கெடக்கு."

தேநீரை வைத்துவிட்டு, சாக்கைப் பிரித்துக் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனேன்.